ஜவ்வாதுக்கும் ஏலகிரிக்கும் சின்ன டிரெய்லர் வீட்டை இழுத்துப் போகலாமா?

சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: எந்த மலைக்குப் போவது. வேலூர் வெயிலுக்கு அதை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. தெற்கே ஜவ்வாது, மேற்கே ஏலகிரி. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டில் எதற்கும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்த வருஷம் அந்தப் பேச்சு நீண்டுவிட்டது. என் மச்சான் ஒரு பட்டறையில் சொல்லி, சின்னதாக ஒரு டிரெய்லர் வீடு செய்து வாங்கியிருக்கிறார். ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, ஒரு மடக்கு மேசை. பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. ஒரு ஓரத்தில் கதவு வைத்த சின்னக் கழிப்பறை. அந்தக் கழிப்பறைதான் எங்களை யோசிக்க வைத்தது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, ராத்திரியில் மூன்று முறையாவது எழுந்திருப்பார். போன வருஷம் மலையில் நாங்கள் தங்கிய விடுதியில் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே உயரமான இரண்டு படிகள். அதில் இறங்கப் பயந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அம்மா தண்ணீரே குடிக்கவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் அதைச் சொன்னார். எனக்கு மனசு இன்னும் ஆறவில்லை.

அதனால் இந்த ஒப்பீட்டை நான் அம்மாவின் ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன். அவர் பயமில்லாமல் எழுந்து போய் வர வேண்டும். அதே நேரம், அவரை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும்போது வண்டி என் கைக்குள் இருக்க வேண்டும். எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: மச்சானின் டிரெய்லரை எங்கள் வண்டியில் கட்டி மலை மேலேயே இழுத்துப் போவது, டிரெய்லரை அடிவாரத்தில் விட்டுவிட்டு வண்டியில் மட்டும் மலைக்குப் போய் வருவது, வண்டியின் கூரை மேல் விரிக்கிற கூரைக் கூடாரம் வாங்குவது, படுக்கையும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கிற கேரவன் வேனை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுப்பது.

கூரைக் கூடாரத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இளம் ஜோடிகளுக்கு அது நல்ல பொருள். ஐந்து நிமிடத்தில் விரிகிறது, வண்டியின் பின்னால் எதுவும் தொங்குவதில்லை, ரிவர்ஸ் எடுப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் கூடாரமே அறுபது எழுபது கிலோ இருக்கும். ஓடும்போது கூரையில் எவ்வளவு எடை வைக்கலாம் என்று வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். உயரத்தில் எடை ஏறினால் வளைவில் வண்டி சாய்வதும் கூடும். எங்களுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். ராத்திரி இரண்டு மணிக்கு ஏணியில் இறங்கு என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது டிரெய்லர். எங்களிடம் இருப்பது ஸ்கார்பியோ-என், 2.2 லிட்டர் டீசல், மேனுவல் கியர். அடியில் லேடர் ஃப்ரேம், அதாவது ஏணி மாதிரி கெட்டியான இரும்புச் சட்டம் இருக்கிற வண்டி, அதனால் டிரெய்லரை இழுக்கிற கொக்கி மாட்ட நல்ல இடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இதே ஸ்கார்பியோவுக்கு, தனி பிரேக் வைத்த டிரெய்லர் என்றால் 2,500 கிலோ வரை இழுக்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. மச்சான் இதைப் படித்துவிட்டு, "நம்மளது எழுநூறு கிலோகூட இல்லை மாமா, கண்ணை மூடிக்கிட்டு இழுக்கும்" என்றார். அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. அங்கே விற்கிற வண்டிக்கு, அங்கே மாட்டுகிற கொக்கிக்கு, அங்குள்ள சட்டத்துக்குச் சொன்ன எண் அது. உங்கள் வண்டி எதுவாக இருந்தாலும், கொக்கி மாட்டினால் வாரண்டியும் இன்ஷூரன்ஸும் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் போதாது.

ஏறுவதைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். அது தேவையில்லை என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டிவிடலாம். வண்டி சுமார் 2 டன், ஆட்களும் சாமானும் 350 கிலோ, டிரெய்லர் 690 கிலோ. மொத்தம் மூன்று டன் சொச்சம். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயர்கிற சாலையில் இதை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, ஏறக்குறைய 30 குதிரைத்திறன் போதும். எங்கள் எஞ்சினில் 175 இருக்கிறது. டர்போ இருப்பதால் நம் பக்கத்து மலைகளின் உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் திணறுவதும் கிடையாது. ஏறும்போது பார்க்க வேண்டியது சூட்டு முள் ஒன்றைத்தான். சித்திரை மதியத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு, இரண்டாவது கியரில், வேகமில்லாமல் ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்றுப் போதாது. முள் நடுக்கோட்டைத் தாண்டினால் ஏசியை நிறுத்திவிட்டு, ஓரமாக இடம் கிடைத்ததும் எஞ்சினை அணைக்காமல் நின்று ஆற விட வேண்டும். காலை ஏழு மணிக்குள் மலை ஏறத் தொடங்கினால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது.

இறங்குவதுதான் விஷயம். ஏலகிரியில் மேலிருந்து பொன்னேரி அடிவாரம் வரை இறக்கம் ஏறக்குறைய 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று டன் எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுகிற சக்தி ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இன்னும் கண் முன்னால் வரும்படி சொன்னால், வீட்டுக்குத் தண்ணீர்க் கேன் போடுகிறார்களே, இருபது லிட்டர் கேன், அதில் மூன்று கேன் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு. அது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். எஞ்சின் பிரேக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், காற்றும் டயரும் கொஞ்சம். மிச்சம் முழுக்க நான்கு சக்கர பிரேக்கில் இறங்கும். டிரெய்லர் இல்லாமல் போனால் மூன்றில் ஏறக்குறைய முக்கால் கேன் குறைந்துவிடும். அந்த முக்கால் கேன்தான் இங்கே முடிவு செய்கிறது.

பிரேக் சூடானால் முதலில் லைனிங் கருகும் வாசனை வரும். அப்புறம் பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்காது. அதற்கும் மேலே போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் தரையைத் தொடும். டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஆனால் அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தர அளவு 155 டிகிரிதான். இரண்டு வருஷமாக ஆயில் மாற்றாத வண்டியில் டிரெய்லர் கட்டி மலை இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த இரண்டு எண்ணே சொல்லும். நாங்கள் வேறு எதை வாங்குவதற்கும் முன்னால் பிரேக் ஆயிலை மாற்றினோம்.

இறங்கும் முறை லாரிக்காரர்கள் காலங்காலமாகச் சொல்வதுதான்: ஏறின கியரிலேயே இறங்கு. இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவதில் இறங்க வேண்டும். காலை பிரேக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. வேகம் கூடும்போது ஒரு முறை நன்றாக அழுத்தி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் குறைத்துவிட்டு, முழுசாகக் காலை எடுத்துவிட வேண்டும். இடையில் பிரேக்குக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். டீசல் வண்டி என்றால் எஞ்சின் பிரேக் தானாகவே பலமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதை நம்பி இறங்காதீர்கள். லாரிகளில் இருக்கிற, புகைக்குழாயை அடைத்து எஞ்சினைப் பிடிக்க வைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் நம் காரில் கிடையாது.

இங்கேதான் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லரில் தனி பிரேக் கட்டாயம், அதற்குக் கீழே என்றால் இல்லாமலும் ஓட்டலாம். மச்சானுடையது 690 என்பதால் பட்டறைக்காரர் பிரேக்கே வைக்கவில்லை. சமதரைக்கு அது சரி. மலைக்கு எனக்கு ஒப்பவில்லை. இரண்டு வகை பிரேக் இருக்கிறது. ஒன்று தள்ளு பிரேக்: முன் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே கம்பியை இழுத்து டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். மின்சாரம் வேண்டாம், பராமரிப்பும் சுலபம். ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்த பிரேக்கும் பிடித்தபடியே வரும், சூடேறும். ரிவர்ஸ் எடுத்தாலும் பிடித்துக்கொள்ளும், அதை விடுவிக்கும் அமைப்பு இருந்தால் ஒழிய. இன்னொன்று மின்சார பிரேக். ஓட்டுநர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை அதில் வைத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் டிரெய்லரை மட்டும் தனியாகவும் பிடிக்கலாம். விலை கூடுதல், வயரிங் வேலையும் உண்டு. மலைக்குப் போகிறவர் இரண்டாவதைத்தான் போட வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். மச்சானும் கடைசியில் அதைத்தான் போட்டார்.

அவர் மனம் மாறியது பள்ளிகொண்டா பக்கத்தில். பெங்களூர் நெடுஞ்சாலையில் டிரெய்லரைக் கட்டி ஒரு சோதனை ஓட்டம் போனோம், அவர் ஓட்ட, நான் பக்கத்தில். எழுபது வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. எண்பதைத் தொட்டபோது ஒரு ஆம்னி பஸ் எங்களைத் தாண்டியது. பஸ்ஸின் காற்று முதலில் எங்களைத் தள்ளி, அப்புறம் உள்ளே இழுத்தது. அடுத்த நொடி பின்னால் யாரோ வாலைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் இடது கண்ணாடியில் ஒரு முறை, வலது கண்ணாடியில் ஒரு முறை தெரிகிறது. ஸ்டீரிங் கையில் லேசாகிவிட்டது. மச்சான் பிரேக்கை மிதிக்கப் போனார். "மிதிக்காத, ஆக்சிலேட்டரை மட்டும் விடு, ஸ்டீரிங்கை நேரா புடி" என்று கத்தினேன். ஐம்பதுக்கு வந்ததும் ஆட்டம் நின்றது. ஓரமாக நிறுத்தி இறங்கியபோது இரண்டு பேருக்கும் கால் நடுங்கியது.

காரணம் அன்று சாயங்காலமே தெரிந்தது. டிரெய்லரின் மூக்கு, அதாவது கொக்கியில் உட்காருகிற முனை, அதன் கீழே ஒரு பலகை வைத்து, வீட்டில் உடம்பு எடை பார்க்கிற மெஷினை வைத்தோம். 22 கிலோ. மொத்தம் 690 என்பது எடை மேடையில் போட்டுப் பார்த்தது. ஆக மூக்கில் மூன்று சதவீதம்தான். ஐரோப்பிய வழக்கில் ஐந்து முதல் ஏழு சதவீதம் சொல்வார்கள், அமெரிக்க வழக்கில் பத்து முதல் பதினைந்து. எங்களுடையது இரண்டிலும் சேரவில்லை. பட்டறையில் தண்ணீர்த் தொட்டியையும் ஸ்டெப்னியையும் பின்கோடியில் மாட்டியிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான். அச்சுக்குப் பின்னால் எடை அதிகமானால் டிரெய்லர் வால் ஆட்டும், இது மாறாத விதி. தொட்டியை அச்சுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து, ஸ்டெப்னியை மூக்குச் சட்டத்தின் மேல் மாட்டினோம். 66 கிலோ காட்டியது. அதே சாலையில், அதே வேகத்தில் மறுபடி போகவில்லை. டிரெய்லர் கட்டினால் இனி எழுபதுதான் எங்கள் எல்லை. ஆனால் அறுபதில் லாரிகள் தாண்டும்போது டிரெய்லர் அசையவே இல்லை. நீங்கள் எந்த டிரெய்லர் வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், கிளம்புவதற்கு முன்னால் முழுச் சாமானும் ஏற்றிவிட்டு இந்தப் பலகைச் சோதனையைச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

கியரைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரிடமும் மேனுவல் இருக்காது. எஞ்சினையும் கியரையும் ஆயில் வழியாக இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் என்றால் பயப்பட வேண்டாம், ஏற்றத்தில் மெதுவாக நகர அது மேனுவலைவிட நல்லது, இறங்கும்போது மேனுவல் மோடில் போட்டு இரண்டாவதில் நிறுத்திக்கொள்ளலாம். ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் வைத்த டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வண்டியில் டிரெய்லரைக் கட்டி மலை ஏற வேண்டாம். கொண்டை ஊசியில் நெரிசலில் நின்று நின்று நகரும்போது அந்த கிளட்ச் சூடாகிவிடும். மேனுவலிலும் அரை கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துகிற பழக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும், ஹேண்ட் பிரேக்தான் போட வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் காசு செலவழித்தும் கவனமாக இருந்தும் சரி செய்துவிடக் கூடியவை. காசால் சரி செய்ய முடியாதது ரிவர்ஸ்.

என் பெரியப்பா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்காக டிராக்டர் ஓட்டியவர். அவரிடம்தான் டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தினோம். களத்து மேட்டில் இரண்டு கல்லை நட்டு, "இதுக்கு நடுவுல பின்னாடி கொண்டு போய் நிறுத்துப்பா" என்றார். முதல் முறை டிரெய்லர் எதிர்ப்பக்கம் திரும்பியது. இரண்டாவது முறை வண்டியும் டிரெய்லரும் கத்திரிக்கோல் மாதிரி மடிந்துவிட்டன. பெரியப்பா ஜன்னல் வழியாகக் கையை விட்டு, என் கையை ஸ்டீரிங்கின் மேல் பக்கத்திலிருந்து எடுத்துக் கீழ்ப் பக்கத்தில் வைத்தார். "மேல புடிச்சா மூளைக்குக் குழப்பம். கீழ புடி. கையை எந்தப் பக்கம் நகத்துறியோ அந்தப் பக்கம் டிரெய்லர் போவும். கொஞ்சமா நகத்து, காத்திரு, அப்புறம் நகத்து." அதற்குப் பிறகு வந்தது. ஆனால் அரை நாள் ஆயிற்று, அதுவும் சமதரையில். நீளமான கரும்பு டிரெய்லரைவிட இந்தச் சின்ன டிரெய்லர் இன்னும் சட்டென்று மடியும் என்றும் அவர்தான் சொன்னார். மூக்குக்கும் அச்சுக்கும் நடுவே தூரம் குறைவாக இருந்தால் எல்லாமே வேகமாக நடந்துவிடும்.

அந்த அரை நாளை மனதில் வைத்துக்கொண்டு, டிரெய்லர் இல்லாமல் ஏலகிரிக்கு ஒரு முறை போய்ப் பார்த்தேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள் பெயரும் கடையேழு வள்ளல்கள் பெயரும் வைத்தவை. மேல் வளைவுகளில் ஒன்றில் ஓரமாக நின்று அரை மணி நேரம் பார்த்தேன். அரசுப் பேருந்து திரும்பும்போது அதன் முன்பக்கம் வளைவின் வெளி விளிம்பு வரைக்கும் போகிறது, பின்சக்கரம் உள் விளிம்பை உரசிக்கொண்டு வருகிறது. அந்தச் சில நொடிகள் முழு வளைவும் பேருந்துக்கே. எதிரே வருகிறவர்கள் நின்று காத்திருக்கிறார்கள், அல்லது பத்தடி பின்னால் எடுக்கிறார்கள். எங்கள் வண்டி நான்கே முக்கால் மீட்டருக்குள், டிரெய்லரோடு சேர்த்தால் ஒன்பது மீட்டர். பேருந்தைவிடக் குட்டைதான். டிரெய்லரின் சக்கரம் காரின் சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும், அதற்குத் தகுந்தாற்போல் அகலமாக எடுத்தால் திரும்பிவிடும். திரும்புவதில் பிரச்சினை இல்லை. மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். அதாவது நாங்கள் இறங்கி வரும்போது வளைவில் ஒரு பேருந்து ஏறி வந்தால், பின்னால் எடுக்க வேண்டியவர்கள் நாங்கள். இறக்கத்தில் நின்றுகொண்டு, மேல்நோக்கி, வளைவுக்குள், ஒன்பது மீட்டரை மடியாமல் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், பின்னால் நான்கு கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது. பெரியப்பா எடுப்பார். என்னால் முடியாது. மச்சானாலும் முடியாது.

ஆகவே ஏலகிரிக்கு டிரெய்லர் இல்லை என்று அந்த வளைவில் நின்றபடியே முடிவு செய்தேன்.

அப்படியானால் டிரெய்லரைப் பொன்னேரி பக்கம் தெரிந்தவர் மாந்தோப்பில் நிறுத்திவிட்டு, பகலில் மேலே போய் வந்து, ராத்திரி டிரெய்லரில் தூங்கலாமே என்று என் மனைவி கேட்டாள். நல்ல யோசனைதான், வண்டிக்குச் சுமை இல்லை, பயம் இல்லை. ஆனால் நாம் போவதே குளிர்ச்சிக்காக. அடிவாரத்தில் சித்திரை ராத்திரி எப்படி இருக்கும் என்பது ஜோலார்பேட்டையில் ரயிலுக்குக் காத்திருந்த எவருக்கும் தெரியும். தகரமும் பிளைவுட்டும் வைத்த பெட்டிக்குள் அம்மாவை அந்தப் புழுக்கத்தில் படுக்க வைப்பதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம். மார்கழி, தை மாதத்தில் போகிறவர்களுக்கு இதுவே ஆகச் சிறந்த வழி என்று நினைக்கிறேன். கோடைக்கு இல்லை.

ஜவ்வாது வேறு கதை. அதற்கு ஏறப் பல பாதைகள் உண்டு. வேலூரிலிருந்து கணியம்பாடி, அமிர்தி வழியாகப் போவது எங்களுக்குக் கிட்டம், காடும் அழகு. ஆனால் சாலை குறுகல், டிரெய்லரோடு எதிர்வண்டிக்கு ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும். போளூர்ப் பாதையிலும் வளைவுகள் உண்டு. நாங்கள் தேர்ந்தெடுத்தது சுற்று வழி: ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர், கடைசியில் மலை மேல் இருக்கிற ஜமுனாமரத்தூர். நேரம் கூடும். ஆனால் வாணியம்பாடி வரை நெடுஞ்சாலை, அதற்கு மேல் ஏலகிரி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கொண்டை ஊசிகள் கிடையாது. காவலூரே 725 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருப்பதால் பிள்ளைகளுக்கும் ஒரு ஆசை. 1986-இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற இடம் அது. காலி டிரெய்லரோடு அந்தப் பாதையில் ஒரு முறை போய் வந்தோம். இறங்கும்போது இரண்டாவது கியரும் மூன்றாவது கியருமே பெரும்பாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டன. கீழே வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன், சூடு இருந்தது, வாசனை இல்லை. இரண்டு இடத்தில் எதிரே பேருந்து வந்தது, இரண்டு இடத்திலும் முன்பே ஒதுங்கி நிற்க மண் ஓரம் இருந்தது.

வாடகைக் கேரவனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டிராவலர் வேனை மாற்றிச் செய்கிற அந்த வண்டி ஒரே உடம்பு, எடைக்கு ஏற்ற பிரேக் கம்பெனியிலேயே வைத்தது, ஓட்டுபவர் மலை பழகியவர். அம்மாவுக்கு வழியில் அவசரம் என்றால் ஓரமாக நிறுத்தினால் போதும், கழிப்பறை அதே வண்டிக்குள். டிரெய்லரில் அது முடிந்தாலும், வண்டியிலிருந்து இறங்கி டிரெய்லருக்கு நடக்க வேண்டும். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் உட்காரவே கூடாது, அதில் யாரும் விளையாட வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல், கொல்லிமலை என்று நினைத்தால் நான் யோசிக்காமல் வாடகைக் கேரவன்தான் எடுப்பேன். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். வாடகைக் கேரவனில் எனக்குப் பிடிக்காதவை இரண்டு. வண்டிக்குள் ஏறும் முதல் படி உயரம், போய்ப் பார்த்தபோது அம்மாவால் கை கொடுக்காமல் ஏற முடியவில்லை. அப்புறம் ஒரே இடத்தில் மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு, நிற்கிற வண்டிக்கும் ஓட்டுநருக்கும் மூன்று நாள் வாடகை கொடுப்பது வீண். டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டால், பீமன் அருவிக்கோ கடைக்கோ வண்டியில் தனியாகப் போய் வரலாம், அம்மா நிழலில் படுத்திருக்கலாம். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகவும் வண்டி கையில் இருக்கும். எனக்கு இது பெரிய விஷயம்.

காகித விஷயங்களில் இரண்டு மட்டும் சொல்கிறேன். டிரெய்லருக்கும் தனியாகப் பதிவெண் வேண்டும், பின்னால் நம்பர் பலகை, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் வேலை செய்ய வேண்டும். பட்டறையில் செய்த டிரெய்லரை வாங்குவதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு ஆகுமா என்று கேட்டுவிடுங்கள், மச்சான் வாங்கிய பிறகு கேட்டு அலைந்தார். அடுத்தது, ஜவ்வாதில் பெரும்பகுதி காப்புக்காடு, கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது. ஜமுனாமரத்தூர் பக்கம் பட்டா நிலம் வைத்திருக்கிற ஒருவரிடம் கேட்டு, அவர் வீட்டு வாசலை ஒட்டிய பலாமரத்தடியில் இடம் பேசியிருக்கிறோம். கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்பதையும் அப்போதே பேசி முடித்தோம்.

இந்த வருஷம், அதனால், ஜவ்வாது மட்டும். ஆலங்காயம் வழி, டிரெய்லரோடு. தண்ணீர்த் தொட்டியைக் காலியாகவே மேலே கொண்டு போகிறோம். அது 60 லிட்டர், அங்கே போய் நிரப்பிக்கொண்டால் ஏறும்போதும் இறங்கும்போதும் 60 கிலோ மிச்சம். தொட்டி அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் மூக்கு எடை பெரிதாக மாறாது, ஆனாலும் கிளம்புகிற அன்று காலை ஒரு முறை பலகை வைத்துப் பார்ப்போம். சக்கரத்துக்குக் கொடுக்க இரண்டு மரக்கட்டை, பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, டிரெய்லருக்குத் தனி ஸ்டெப்னி. ஏலகிரிக்கு ஐப்பசியில் போவோம், வண்டி மட்டும். தரைத்தளத்தில், குளியலறை படியில்லாமல் இருக்கிற அறையா என்று போனில் கேட்டு, போட்டோ அனுப்பச் சொல்லி வாங்கிய பிறகுதான் முன்பதிவு.

போன ஞாயிறு அம்மா டிரெய்லருக்குள் ஏறிப் பார்த்தார். படியில் கால் வைத்தார், மெத்தையில் உட்கார்ந்து எழுந்தார், கழிப்பறைக் கதவைத் திறந்து உள்ளே நின்றார். "இடது பக்கம் புடிச்சுக்க ஒண்ணும் இல்லையே" என்றார். வலது முழங்கால்தான் அவருக்கு மோசம், எழும்போது இடது கையை ஊன்றுவார். மச்சான் அன்றைக்கே ஒரு எவர்சில்வர் கைப்பிடி வாங்கி வந்தார். அம்மாவை உட்கார வைத்து, கை எட்டுகிற உயரத்தைப் பென்சிலால் குறித்து, பிளைவுட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தில் நான்கு போல்ட் போட்டு மாட்டினோம்.